4 ஓம் வூஃபர், 8 ஓம் ட்வீட்டர்: ஒரே பெட்டிக்கு கிராஸ்ஓவர் போடுறது எப்படி

கையில 4 ஓம் வூஃபர் (பாஸ் பாடுற பெரிய ஸ்பீக்கர்) ஒண்ணு இருக்கு, 8 ஓம் ட்வீட்டர் (ஹை ஃப்ரீக்வென்சி பாடுற சின்ன ஸ்பீக்கர்) ஒண்ணு இருக்கு, ரெண்டையும் ஒரே பெட்டியில மாட்டலாமா, மாட்டினா ஆம்ப் புகைஞ்சிடுமா, ஸ்பீக்கர் கட்ட ஆரம்பிக்கிற முக்காவாசிப் பேரு மொதல்ல கேக்குறது இதைத்தான். மாட்டலாம், தாராளமா மாட்டலாம். ஆனா ஒரு கண்டிஷன், ஸ்பீக்கர் முதுகுல அச்சடிச்சிருக்கிற அந்த ஓம் நம்பரை அப்படியே ஃபார்முலாவுல தூக்கிப் போடக்கூடாது. கிராஸ்ஓவருக்கு, அதாவது சவுண்டைப் பிரிச்சு ரெண்டுக்கும் அனுப்புற சர்க்யூட்டுக்கு, வேண்டியது அது இல்ல, நீங்க சவுண்டைப் பிரிக்கப்போற அந்த ஃப்ரீக்வென்சியில டிரைவர் (வூஃபரோ ட்வீட்டரோ, தனி ஸ்பீக்கருக்கு இதான் பேரு) நெஜமா எத்தனை ஓம் காட்டுதுங்கிறதுதான் வேணும். இது மண்டையில ஏறிட்டா மீதி எல்லாம் கால்குலேட்டர் வேலை.

நான் இதை அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். மொதல் பெட்டி கட்டுறப்போ ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு ஒண்ணு வாங்கினேன், 8 ஓம் 2500 ஹெர்ட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, என்கிட்ட இருந்த வூஃபரோ 4 ஓம், என்ன பெரிய வித்தியாசம் வந்துடப்போகுதுன்னு மாட்டிட்டேன். டிரம்ஸ் வருது, ஜால்ரா வருது, பாடுறவர் மட்டும் பக்கத்து ரூம்ல நின்னு பாடுற மாதிரி இருக்கு. ட்வீட்டரை மாத்துன்னு ஒருத்தர் சொன்னாரு, பெட்டிக்குள்ள பஞ்சு வைன்னு இன்னொருத்தர் சொன்னாரு, ரெண்டும் பண்ணேன், ஒரு மண்ணும் மாறல.

ரொம்ப நாள் கழிச்சு பேப்பர்ல கணக்கு போட்டப்பதான் புரிஞ்சுது. அந்தப் போர்டுல வூஃபர் பக்கம் இருந்தது 1 மில்லி ஹென்றி காயிலும் 4 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும். 8 ஓம் லோடு இருந்தா அது 2500 ஹெர்ட்ஸ்ல 6 டெசிபல் இறக்கும், அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க. அதே ரெண்டு பார்ட்ஸோட சுத்தமான 4 ஓம் லோடை மாட்டினா 2500ல 12 டெசிபல் இறங்கும், அதைவிட மோசம், 670 ஹெர்ட்ஸ்லயே 3 டெசிபல் போயிடும். பாடுறவங்க குரல்ல உசுரு இருக்கிற ஏரியா பூரா அதுக்குள்ளதான் வருது. வூஃபர் மாதிரி நெஜ லோடுக்கு கணக்கு இன்னும் கொஞ்சம் வேற மாதிரி வரும், அதைக் கீழ சொல்றேன்.

ஆம்ப் பயம்

4 ஓமும் 8 ஓமும் பேரலல்ல போனா 2.67 ஓம் ஆயிடும், ஆம்ப் தாங்காதுன்னு பயப்படுறாங்க. கிராஸ்ஓவர் இல்லாம நேரா சேத்தா அப்படித்தான் ஆகும். கிராஸ்ஓவர் போட்டா ஆகாது, ஏன்னா லோ ஃப்ரீக்வென்சியில ட்வீட்டர் முன்னாடி இருக்கிற கண்டன்சர் கதவை மூடிடுது, ஆம்ப் பாக்குறது வூஃபரை மட்டும், அதாவது 4 ஓம். ஹை ஃப்ரீக்வென்சியில வூஃபர் முன்னாடி இருக்கிற காயில் கதவை மூடிடுது, ஆம்ப் பாக்குறது ட்வீட்டரை மட்டும், 8 ஓம். நடுவுல ரெண்டு கதவும் பாதி தெறந்திருக்கிற இடத்துல என்ன ஆகும்னு கேட்டா, ஒரு காயில் ஒரு கண்டன்சர் மட்டும் இருக்கிற சிம்பிள் கிராஸ்ஓவருக்கு கணக்கு போட்டுப் பாருங்க, பிரியிற இடத்துல சுமார் 5 ஓம் வரும். எங்கயும் 4க்கு கீழ போகல. (டிரைவரை ரெசிஸ்டரா நெனச்சுப் போட்ட கணக்கு இது, நெஜத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா கதை இதேதான்.)

ஸோ உங்க பெட்டியை ஆம்ப்கிட்ட 4 ஓம் பெட்டின்னே சொல்லுங்க. ஆம்ப் மேனுவல்ல மினிமம் 6 ஓம்னு போட்டிருந்தா அந்த ஆம்புக்கு இந்த வூஃபர் செட் ஆகாது, அதுக்காக வூஃபரோட சீரிஸ்ல ஒரு 4 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு 8 ஓம் ஆக்கிடலாம்னு ஐடியா குடுப்பாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. பாதி பவர் ரெசிஸ்டர்ல சூடா போயிடும், வூஃபர் மேல ஆம்புக்கு இருக்கிற பிடி தளர்ந்து பாஸ் தொளதொளன்னு ஆயிடும்.

இந்தக் கதவுக் கதை வேற வேற வேலை பாக்குற டிரைவர்களுக்கு மட்டும்தான். ஒரே வேலை பாக்குற ரெண்டு வூஃபர் பேரலல்ல போனா நெஜமாவே பாதி ஆகும், ரெண்டு 8 சேந்தா 4, ரெண்டு 4 சேந்தா 2, அந்த 2 ஓம் பல ஆம்புக்கு ஆவாது. 4 ஓம் வூஃபரையும் 8 ஓம் வூஃபரையும் சீரிஸ்ல சேக்கிறதும் வேண்டாம், வோல்டேஜ் ரெண்டுக்கும் சமமா பிரியாது, ஃப்ரீக்வென்சி மாற மாற அந்தப் பங்கும் மாறிக்கிட்டே இருக்கும்.

முதல் வேலை: டிரைவரை அளந்து பாருங்க

முதுகுல போட்டிருக்கிற 8 ஓம் ஒரு பேரு மாதிரி, அவ்வளவுதான். ஸ்டாண்டர்டு என்ன சொல்லுதுன்னா, டிரைவரோட இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு அது காட்டுற ஓம்) எங்கயும் அந்த நம்பர்ல 80 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாது, அதாவது 8 ஓம்னு போட்டா 6.4க்கு கீழ இறங்கக்கூடாது, 4 ஓம்னு போட்டா 3.2. மேல எவ்வளவு வேணா போகலாம். போகுது.

மல்டிமீட்டரை ஓம் ரேஞ்ச்ல வச்சு டெர்மினல்ல வச்சுப் பாருங்க, 8 ஓம் ட்வீட்டர் 6 ஓம் பக்கத்துல காட்டும், 4 ஓம் வூஃபர் 3 சொச்சம் காட்டும். இது டிசி ரெசிஸ்டன்ஸ், வாய்ஸ் காயில்ல (கோனை அசைக்கிற உள் காயில்) இருக்கிற கம்பியோட ரெசிஸ்டன்ஸ் மட்டும். அளக்குறப்போ கோனைத் தொடாதீங்க, லேசா அழுத்தினாக்கூட வாய்ஸ் காயில் நகர்ந்து சின்னதா வோல்டேஜ் உண்டாகி மீட்டர் நம்பர் ஆடும். வெறும் மீட்டர் வயரை ரெண்டையும் முட்டவிட்டா எவ்வளவு காட்டுதுன்னு பாத்து அதைக் கழிச்சிடுங்க, 4 ஓம் டிரைவர்ல 0.3 ஓம் தப்பு சின்னத் தப்பு இல்ல.

அடுத்து ஏசி. இங்கதான் விஷயமே இருக்கு. வாய்ஸ் காயில் ஒரு காயில்தானே, அதுக்கும் ஒரு இண்டக்டன்ஸ் இருக்கு, ஃப்ரீக்வென்சி ஏற ஏற இம்பீடன்ஸும் ஏறும். என் வூஃபரையே எடுத்துக்குங்க, டிசி 3.3 ஓம், இண்டக்டன்ஸ் 0.5 மில்லி ஹென்றி. 2500 ஹெர்ட்ஸ்ல அந்த இண்டக்டன்ஸ் மட்டும் 7.85 ஓம் ஆவுது, ரெண்டும் சேந்தா சுமார் 8.5 ஓம். பேரு 4 ஓம், கிராஸ்ஓவர் ஆகுற இடத்துல ஆளு 8.5 ஓம்! கீழ 200, 300 ஹெர்ட்ஸ்ல பாத்தா மறுபடி 3 சொச்சம். இந்த வளைவை அந்தப் பழைய ரெடிமேட் போர்டோட சேத்து சிமுலேஷன்ல ஓட்டினப்போ 670ல இருந்து 2500 வரைக்கும் வூஃபர் 5ல இருந்து 7 டெசிபல் வரைக்கும் குழியில கெடந்துச்சு. பாடுறவர் பக்கத்து ரூமுக்குப் போன ரகசியம் அதுதான்.

சாஃப்ட்வேர் இல்லாம அளக்க ஒரு வழி இருக்கு. ஒரு 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் எடுத்து ஆம்ப் பிளஸ்ல இருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டர்ல இருந்து டிரைவர் பிளஸ், டிரைவர் மைனஸ் திரும்ப ஆம்ப் மைனஸ், அவ்வளவுதான் சர்க்யூட். போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 2500 ஹெர்ட்ஸ் குடுங்க, சவுண்டு கம்மியா, காது வலிக்காத அளவுக்கு. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு ரெசிஸ்டர் மேல எவ்வளவு, டிரைவர் மேல எவ்வளவுன்னு ரெண்டையும் அளங்க. டிரைவர் வோல்டேஜை ரெசிஸ்டர் வோல்டேஜால வகுத்து பத்தால பெருக்கினா இம்பீடன்ஸ். ரெசிஸ்டர் மேல 0.60 வோல்ட், வூஃபர் மேல 0.51 வோல்ட்னா 8.5 ஓம். சாதாரண மீட்டர் கிலோஹெர்ட்ஸ் கணக்குல போனா வோல்டேஜைத் தப்பா காட்டும்தான், ஆனா நமக்கு வேண்டியது விகிதம் மட்டும், ரெண்டையும் ஒரே ரேஞ்ச்ல வச்சு அளந்தா தப்பும் ஒரே மாதிரி இருக்கும், வகுக்கிறப்போ அடிபட்டுப் போயிடும். ட்வீட்டரை அளக்குறப்போ சவுண்டை இன்னும் கம்மி பண்ணிக்குங்க, 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகவே போகாதீங்க.

கம்ப்யூட்டர் இருந்தா ரூம் ஈக்யூ விஸார்ட் சாஃப்ட்வேர்ல சவுண்ட் கார்டு வச்சே மொத்த இம்பீடன்ஸ் கர்வையும் எடுக்கலாம், அந்த ஃபைலை விட்டுயிக்ஸ்கேட்லயோ எக்ஸ்சிம்லயோ போட்டு டிசைன் பண்ணலாம், மூணுமே ஃப்ரீ. ஒரு தடவை அதுல பழகிட்டா அப்புறம் இந்த ஃபார்முலா எல்லாம் ஆரம்பப் புள்ளி மட்டும்தான்.

எங்க பிரிக்கிறது, எவ்வளவு செங்குத்தா

ட்வீட்டர் டேட்டாஷீட்ல ரெசனன்ஸ் ஃப்ரீக்வென்சின்னு (அது தானா அதிகமா அதிரும் ஃப்ரீக்வென்சி) ஒண்ணு இருக்கும், அதோட ரெண்டு மடங்குக்குக் கீழ பிரிக்காதீங்க, ரெண்டரை மூணு மடங்கு இருந்தா நிம்மதி. 900 ஹெர்ட்ஸ் ரெசனன்ஸ்னா 2500 ஓகே. ரெசனன்ஸ்ல இம்பீடன்ஸ் மலை மாதிரி எழும்பி நிக்கும், அந்த மலை பக்கத்துல ஃபில்டர் வச்சா கணக்கு எல்லாம் பொய்யாப் போயிடும். மேல் பக்கம் வூஃபர் எது வரைக்கும் ஒழுங்கா பாடுதுன்னு அதோட கிராஃப்ல பாத்துக்குங்க.

செங்குத்துன்னா ஆர்டர். ஒரே ஒரு காயில், ஒரே ஒரு கண்டன்சர் போட்டா ஃபர்ஸ்ட் ஆர்டர், ஆக்டேவுக்கு (ஃப்ரீக்வென்சி ரெண்டு மடங்கோ பாதியோ ஆகுற ஒவ்வொரு தடவைக்கும்) 6 டெசிபல் இறங்கும், ட்வீட்டருக்குப் பாதுகாப்பு கம்மி. பக்கத்துக்கு ரெண்டு பார்ட்ஸ் போட்டா செகண்ட் ஆர்டர், 12 டெசிபல், ஆரம்பிக்கிறவங்களுக்கு என்னோட ஓட்டு இதுக்குத்தான். அதுலயும் லிங்க்விட்ஸ் ரைலி வகை. லிங்க்விட்ஸ், ரைலி ரெண்டு பேரும் ஹியூலட் பேக்கார்டு இன்ஜினியருங்க, லிங்க்விட்ஸ் 1976ல எழுதின பேப்பர்ல இருந்து வந்த வகை அது. பட்டர்வொர்த் வகையில பிரியிற இடத்துல ஒவ்வொண்ணும் 3 டெசிபல் கீழ இருக்கும், இதுல 6 டெசிபல் கீழ, ரெண்டும் கூடுறப்போ மட்டமா வரும்.

சென்சிட்டிவிட்டி, இங்கதான் நெறைய பேர் விழுவாங்க

ஓம் வேற வேறயா இருக்கிறப்போ இம்பீடன்ஸை விட இதுலதான் ஏமாறுவோம். டேட்டாஷீட்ல சென்சிட்டிவிட்டியை ரெண்டு விதமா எழுதுவாங்க. ஒண்ணு, 1 வாட் குடுத்து 1 மீட்டர்ல எத்தனை டெசிபல். இன்னொண்ணு, 2.83 வோல்ட் குடுத்து 1 மீட்டர்ல எத்தனை டெசிபல். 8 ஓம் டிரைவருக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஏன்னா 8 ஓம்ல 2.83 வோல்ட் போட்டா சரியா 1 வாட். ஆனா 4 ஓம்ல அதே 2.83 வோல்ட் போட்டா 2 வாட் ஓடுது, அதனால வோல்ட் கணக்குல எழுதினா 3 டெசிபல் கூட வரும்.

நம்ம ஆம்ப் வாட் பாத்து குடுக்காது, ரெண்டு டிரைவருக்கும் ஒரே வோல்டேஜைக் குடுத்துட்டுப் போயிடும். ஸோ ரெண்டையும் 2.83 வோல்ட் கணக்குக்கு மாத்திட்டுத்தான் ஒப்பிடணும். என் வூஃபர் ஷீட்ல 87 டெசிபல் 1 வாட்னு இருக்கு, 4 ஓம் டிரைவர், ஸோ வோல்ட் கணக்குல 90. ட்வீட்டர் 93, 2.83 வோல்ட்லனு தெளிவா போட்டிருக்கான். வித்தியாசம் 3 டெசிபல். இதைக் கவனிக்காம 93ல 87 போனா 6னு ட்வீட்டரை 6 டெசிபல் அமுக்கினா போர்வையைப் போத்திக்கிட்டுப் பாட்டு கேக்குற மாதிரி இருக்கும்.

ட்வீட்டர் சத்தம் வூஃபரை விடக் கம்மியா இருந்தா என்ன பண்றது? ஒண்ணும் பண்ண முடியாது, பேசிவ் கிராஸ்ஓவர் (நாம கட்டுற மாதிரி, தனி கரண்ட் சப்ளை இல்லாதது) சத்தத்தைக் கொறைக்கும், கூட்டாது. அப்போ வேற ட்வீட்டர்தான்.

இன்னொரு விஷயம், இதை நான் லேட்டாத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். பெட்டி முன்பலகை எவ்வளவு அகலமோ அதைப் பொறுத்து ஒரு ஃப்ரீக்வென்சிக்குக் கீழ சவுண்டு பின்னாடியும் சுத்திப் போக ஆரம்பிக்கும், முன்னாடி கேக்குற லெவல் இறங்கும், முழுசா இறங்கினா 6 டெசிபல். 115ஐ மீட்டர்ல இருக்கிற அகலத்தால வகுத்தா அது பாதி இறங்குற இடம் தோராயமா கெடைக்கும், 20 சென்டிமீட்டர் பலகைக்கு 575 ஹெர்ட்ஸ். டேட்டாஷீட் கிராஃப் பெரிய பலகையில மாட்டி எடுத்தது, அதுல இது தெரியாது. அதனால ட்வீட்டரை 3 டெசிபல்னு கணக்கு வந்தா கடைசியில கேட்டுப் பாத்துட்டு இன்னும் ஒண்ணு ரெண்டு டெசிபல் அமுக்கவும் தயாரா இருங்க, வூஃபர் காயிலைக் கொஞ்சம் பெருசு பண்ணியும் சரிக்கட்டலாம்.

வூஃபர் பக்கம்: மொதல்ல ஜோபெல்

ஏறிக்கிட்டே போற இம்பீடன்ஸை மட்டமாக்க வூஃபர் டெர்மினல்லயே பேரலலா ஒரு ரெசிஸ்டரும் கண்டன்சரும் சீரிஸ்ல போடுவோம், இதுக்குப் பேரு ஜோபெல். ஃப்ரீக்வென்சி ஏற வாய்ஸ் காயில் மேல போகும், கண்டன்சர் கீழ வரும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிக்கும்.

ரெசிஸ்டர் = டிசி ரெசிஸ்டன்ஸ் × 1.25. என் வூஃபருக்கு 3.3 × 1.25, அதாவது 4.1 ஓம்.

கண்டன்சர் (மைக்ரோ ஃபாரட்) = மில்லி ஹென்றி × 1000 ÷ (ரெசிஸ்டர் × ரெசிஸ்டர்). 0.5 × 1000 ÷ 16.8, சுமார் 30 மைக்ரோ ஃபாரட்.

இதை மாட்டிட்டு அந்த 10 ஓம் சர்க்யூட்ல மறுபடி அளந்து பாருங்க. 8.5 ஓம் காட்டினது கணக்குப்படி 4.2 ஓமுக்கு வந்து நிக்கணும். மொதல் தடவை இதை மீட்டர்ல பாத்தப்போ எனக்கு ஏதோ மேஜிக் மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லல. டேட்டாஷீட் இண்டக்டன்ஸ் நம்பர் பல நேரம் 1 கிலோஹெர்ட்ஸ்ல எடுத்தது, மேல போகப் போக அது கொஞ்சம் கொறையும், அதனால உங்க மீட்டர் வேற நம்பர் காட்டினா கண்டன்சரைக் கொஞ்சம் ஏத்தி எறக்கிப் பாருங்க.

இப்போ வூஃபர் ஃபில்டர். லிங்க்விட்ஸ் ரைலி செகண்ட் ஆர்டருக்கு ஞாபகம் வச்சுக்க வேண்டிய ரெண்டு வரி:

காயில் (மில்லி ஹென்றி) = 318.3 × ஓம் ÷ ஹெர்ட்ஸ்

கண்டன்சர் (மைக்ரோ ஃபாரட்) = 79,600 ÷ (ஓம் × ஹெர்ட்ஸ்)

வூஃபருக்கு ஓம் 4.2, ஹெர்ட்ஸ் 2500. காயில் 0.53, கண்டன்சர் 7.6. கெடைக்கிற சைஸ்ல 0.56 மில்லி ஹென்றியும் 7.5 மைக்ரோ ஃபாரடும் போட்டா 2456 ஹெர்ட்ஸ்ல உக்காருது, போதும். ஆம்ப் பிளஸ்ல இருந்து காயில், காயில் தாண்டினதும் கண்டன்சர் மைனஸுக்கு இறங்கும், அதுக்கப்புறம் ஜோபெல், அப்புறம் வூஃபர்.

ட்வீட்டர் பக்கம்: மொதல்ல எல்-பேடு, அப்புறம் ஃபில்டர்

இந்த வரிசையை மாத்தாதீங்க, ஏன்னா எல்-பேடு போட்டதும் ஃபில்டர் பாக்குற ஓம் மாறும். எல்-பேடுன்னா ரெண்டு ரெசிஸ்டர், ஒண்ணு ட்வீட்டருக்கு சீரிஸ்ல, ஒண்ணு ட்வீட்டருக்கு பேரலல்ல. 3 டெசிபல் கொறைக்கணும்னா வோல்டேஜ் 0.708 மடங்காகணும். சீரிஸ் ரெசிஸ்டர் = ஓம் × (1 - 0.708). பேரலல் ரெசிஸ்டர் = ஓம் × 0.708 ÷ (1 - 0.708). 2 டெசிபலுக்கு 0.794, 4 டெசிபலுக்கு 0.631, 6 டெசிபலுக்கு 0.501 போட்டுக்குங்க.

இங்கயும் ஓம்னு எதைப் போடுவீங்க? 8 இல்ல. என் ட்வீட்டர் 2500 ஹெர்ட்ஸ்ல அளந்தப்போ 6.4 காட்டுச்சு, அதைத்தான் போடணும். சீரிஸ் 1.87, பேரலல் 15.5 வருது, 1.8 ஓமும் 15 ஓமும் எடுத்துக்கிட்டேன். 15ம் 6.4ம் பேரலல்ல சுமார் 4.5, அதோட 1.8, மொத்தம் 6.3 ஓம், இறங்குறது 2.93 டெசிபல். பேரலல் ரெசிஸ்டர் இருக்கிறதால ட்வீட்டர் இம்பீடன்ஸ் கொஞ்சம் மேல கீழ போனாலும் ஃபில்டருக்கு அவ்வளவா தெரியாது, அது ஒரு போனஸ்.

அந்த 6.3ஐ அதே ரெண்டு வரியில போடுங்க. காயில் 0.80, கண்டன்சர் 5.05. 0.82 மில்லி ஹென்றி காயில் ஒண்ணு, 4.7 கூட 0.33 பேரலலா சேத்து 5.03. ட்வீட்டர் பக்கம் எல்லாம் தலைகீழ், கண்டன்சர் சீரிஸ்ல, காயில் மைனஸுக்கு, அதுக்கப்புறம் எல்-பேடு, கடைசியா ட்வீட்டர். ஸ்டிக்கரை நம்பி 8 ஓம் போட்டிருந்தா 1.02 மில்லி ஹென்றியும் 3.98 மைக்ரோ ஃபாரடும் வந்திருக்கும், கண்டன்சர்லயே 20 சதவீதத்துக்கு மேல தப்பு.

உங்க கேஸ் தலைகீழா இருந்தா, அதாவது 8 ஓம் வூஃபர், 4 ஓம் ட்வீட்டர்னா, எல்லாம் இதேதான். அந்த ட்வீட்டரை 6 டெசிபல் அமுக்க வேண்டிய நெலமை வந்தா ஒரே ஒரு 4 ஓம் ரெசிஸ்டர் சீரிஸ்ல போட்டாலே போதும், லெவலும் இறங்கிடும், ஃபில்டரும் ஆம்பும் பாக்குறது 8 ஓம் ஆயிடும். வூஃபர்ல கூடாதுன்னு சொன்ன அதே வேலை ட்வீட்டர்ல ஓகே, பாஸ் கன்ட்ரோல் பிரச்சினை அங்க இல்ல, போற பவரும் கம்மி.

பார்ட்ஸ் வாங்குறப்போ

போலார் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர், அந்த மைனஸ் கோடு போட்டது, கிராஸ்ஓவர்ல வேலைக்கே ஆகாது. நான்-போலார் வாங்குங்க, ஜோபெல் 30 மைக்ரோ ஃபாரடுக்கு அது போதும். ட்வீட்டர் சீரிஸ் கண்டன்சர் மட்டும் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம்ல வாங்கிடுங்க, எலக்ட்ரோலிட்டிக் வருஷம் போகப் போகக் காய்ஞ்சு மதிப்பு மாறும். 100 வோல்ட் ரேட்டிங் வீட்டு சிஸ்டத்துக்குப் போதும். ரெசிஸ்டர் எல்லாம் 10 வாட் சிமெண்ட் டைப்.

4 ஓம் வூஃபர் காரங்க காயில் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. காயில் கம்பிக்கும் ரெசிஸ்டன்ஸ் இருக்கு, 0.4 ஓம் இருந்தா 8 ஓம் லோடுல 0.4 டெசிபல் போகும், 4 ஓம் லோடுல 0.8 டெசிபல் போகும், கூடவே பாஸும் லூஸ் ஆகும். தடிச்ச கம்பி சுத்தின காயில் வாங்குங்க. ட்வீட்டர் பக்கத்துக் காயில் மைனஸுக்கு இறங்குறது, அங்க மெல்லிசு போதும்.

போர்டுல வைக்கிறப்போ ரெண்டு காயிலையும் பக்கத்துல பக்கத்துல ஒரே திசையில படுக்க வைக்காதீங்க, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கணும், நடுவுல இடைவெளி வேணும், இல்லன்னா ஒண்ணோட ஃபீல்டு இன்னொண்ணுல ஏறி வூஃபர் பாட்டு ட்வீட்டர்ல கசியும். வூஃபர் மேக்னெட் பக்கத்துலயும் வேண்டாம். சூடாகுற ரெசிஸ்டரைப் பலகையோட ஒட்டி வைக்காம கொஞ்சம் தூக்கி நிக்க வைங்க.

மாட்டி, கேட்டு, திருப்பி மாட்டி

மொதல் தடவை சால்டர் பண்ணாதீங்க, முதலை கிளிப் வச்சே எல்லாத்தையும் சேருங்க, பெட்டிக்கு வெளியவே வச்சு வயரை மட்டும் உள்ள விடுங்க. எப்படியும் ரெண்டு ரெசிஸ்டர் மாத்துவீங்க, எனக்கு நாலு தடவை மாத்த வேண்டி வந்துச்சு.

செகண்ட் ஆர்டர் ஃபில்டர்ல வூஃபரும் ட்வீட்டரும் பிரியிற இடத்துல 180 டிகிரி எதிர் எதிரா இருக்கும், அதனால ட்வீட்டர் பிளஸ் மைனஸை மாத்தி மாட்டணும். வயர் தப்பா குடுத்துட்டோமோன்னு பயப்படாதீங்க, டிசைனே அப்படித்தான். இருந்தாலும் டிரைவர் ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன இருக்கிறதால நெஜத்துல கொஞ்சம் வேற மாதிரி ஆகலாம், ஸோ ரெண்டு விதமாவும் மாட்டி அளந்து பாருங்க. மைக் இருந்தா ரொம்ப ஈசி, ஒரு மீட்டர் தூரத்துல வச்சு ஸ்வீப் (கீழ இருந்து மேல வரைக்கும் எல்லா ஃப்ரீக்வென்சியும் ஓட்டி அளக்குறது) எடுங்க, ஒரு வழியில கிராஃப் மட்டமா வரும், மறுவழியில 2500 பக்கத்துல பெரிய பள்ளம் விழும். அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்ல செய்தி, ரெண்டு டிரைவரும் அந்த இடத்துல சரிசமமா பாடுதுன்னு அர்த்தம். பள்ளம் 2500ல விழாம 1800ல விழுந்தா நெஜ கிராஸ்ஓவர் அங்கதான் இருக்கு, உங்க கணக்குல ஏதோ ஓம் தப்பு, போய் மறுபடி அளங்க. மைக் இல்லன்னா மேல சொன்ன டோன் ஆப்லயே 2500 வச்சு ட்வீட்டர் உயரத்துக்குக் காதை வச்சுக் கேளுங்க, எந்தப் பக்கம் மாட்டினா சத்தம் கூடுதோ அதுதான் சரி, தலையை ஆட்டாம கேக்கணும், ரூம் எதிரொலி ஏமாத்தும்.

அப்புறம் ரெண்டு மூணு நாள் பழக்கமான பாட்டா போட்டுக் கேளுங்க. ஸ, ஷ எழுத்து வர்ற இடம் ஊசி மாதிரி குத்துதுன்னா எல்-பேடு சீரிஸ் ரெசிஸ்டரை 1.8ல இருந்து 2.2 ஆக்கிப் பாருங்க, அரை டெசிபல்தான் இறங்கும், ஆனா காதுக்குத் தெரியும். பிடிச்சதுக்கப்புறம் சால்டர்.

பெட்டி பின்னாடி டெர்மினல் பக்கத்துல 4 ஓம்னு எழுதி ஒட்டிடுங்க, 8ன்னு எழுதாதீங்க, 6ன்னு சமாதானமும் வேண்டாம். கூடவே ஒரு பேப்பர்ல எல்லா பார்ட்ஸ் மதிப்பும், ஜோபெல்லுக்கு முன்னாடி பின்னாடி அளந்த ஓமும் எழுதி பெட்டிக்குள்ள பலகையில ஒட்டுங்க. நான் என் ரெண்டாவது பெட்டிக்கு அதைப் பண்ணல, மூணு வருஷம் கழிச்சு ட்வீட்டர் போனப்போ தெறந்து பாத்தா காயில் மேல எழுதியிருந்த மார்க்கர் எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிருந்துச்சு, திரும்ப அந்த 10 ஓம் ரெசிஸ்டரைத் தேடிக்கிட்டு உக்காந்தேன்.